இடது கை மட்டும் நாலு விரல் நீளம்

போன வாரம் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு தையல் கடைக்குப் போயிருந்தேன். கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி, சுவர் முழுக்கத் தலையில்லாத பொம்மைகளுக்கு மாட்டிய ஜாக்கெட்டுகள். முதுகில் ஜன்னல் வைத்தது ஒன்று, அந்த ஜன்னலுக்குக் குஞ்சலம் கட்டித் தொங்கவிட்டது இன்னொன்று. மேஜைக்குப் பின்னால் நின்ற தம்பி என் துணியை விரித்து டேப்பை ஓட்டினான். அவன் ஓட்டி முடித்ததும் நானும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துக்கொண்டேன். தையற்காரர் யாராக இருந்தாலும் அவர்கள்மேல் எனக்கு ஒரு கண்தான். மிச்சத் துணி எங்கே போகிறது என்பது இந்த எழுபத்து மூன்று வயது வரைக்கும் எனக்கு விளங்கவில்லை.

அளவு ஜாக்கெட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். தம்பி அதன் இரண்டு கைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"பாட்டிம்மா, இது தப்பாத் தெச்சிருக்குங்க. லெஃப்ட் கை நாலு விரல் நீளமா வருது. ரெண்டையும் ஒண்ணாக்கித் தெச்சிரட்டுங்களா?"

"இரு, சொல்றேன்" என்றேன். மேஜைமேல் கிடந்த புதுத் துணியிலிருந்து கஞ்சி வாசனை வந்துகொண்டிருந்தது. அந்த வாசனை பட்டால் என் இடது முழங்கை தானாக மடங்கிக்கொள்ளும். அறுபத்தெட்டு வருஷப் பழக்கம், விடுமா?

எங்களுடையது ராசிபுரத்தில் நெசவு வீடு. பாவு நூலுக்குப் போட ஒரு பெரிய பானையில் கஞ்சி கொதிக்கும். ஐந்து வயதில் ஒருநாள், அந்தப் பானைக்குள் எனக்குத் தெரியாமல் எதையோ ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. எட்டிப் பார்த்தேன். பானை சாய்ந்தது. உயிர் பிழைத்தேன், ஆனால் இடது முழங்கைக்குக் கீழே நாலு விரல் அகலத்துக்குத் தோல் சுருங்கி, கறுத்து, மரப்பட்டை மாதிரி ஆகிவிட்டது. சந்தேகம் எனக்குக் கூடப் பிறந்த குணம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அம்மாவுக்கு அதற்குப் பிறகு ஒரே கவலைதான்: நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் இது பட்டால்? அதனால் எனக்குத் தைத்த சட்டைக்கெல்லாம் வலது கை முழங்கையோடு நிற்கும், இடது கை அதைத் தாண்டி நாலு விரல் இறங்கும். இரண்டு கையையுமே இறக்கித் தைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டிருக்கிறேன். "துணி என்ன சும்மாவா வருது?" என்பாள் அம்மா. நெய்கிற வீட்டில் துணிக்கு இருந்த பஞ்சம் அப்படி.

முந்தானையை இழுத்து இடது கையைச் சுற்றிப் போர்த்திக்கொண்டேதான் வளர்ந்தேன். சேலத்தில் டீச்சர் டிரெயினிங் படித்தபோது எங்களுக்குத் தலைமை ஆசிரியையாக ஒரு வயதான அம்மா இருந்தார். எட்வர்டு ராஜா காலத்து மோஸ்தரை அவர் விடவே இல்லை. கழுத்து வரைக்கும் பொத்தான், தொண்டைக்குழியில் ஒரு பிரோச் ஊசி, தோளில் பூசணிக்காயாக உப்பி மணிக்கட்டில் ஒட்டிப் பிடிக்கும் கை, ஓரமெல்லாம் லேஸ். சித்திரை வெயிலிலும் அதேதான். பிள்ளைகள் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வராது. இத்தனை மூடுகிறவர் எதையோ மறைக்கிறார், சந்தேகமே இல்லை என்று இரண்டு வருஷம் காத்திருந்தேன். கடைசி நாள் விருந்தில் கை கழுவ அவர் சட்டைக் கையை மேலே தள்ளியபோது ஓடிப்போய்ப் பார்த்தேன். சாதாரணக் கை. ஒரு மச்சம்கூடக் கிடையாது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

படிப்பு முடிந்ததும் நாமக்கல் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். அட்டைக்கு இத்தனை கஜம் என்று துணியை அளந்து கொடுத்த காலம். கண்ட்ரோல் கடையில் நின்று வாங்கி, இரண்டே இரண்டு சட்டை தைத்துக்கொண்டு போனேன். அந்த ஊரில் தோட்டம் துரவு உள்ள ஒரு வீட்டில் பின்பக்கத்து அறையை எனக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். வீட்டுக்காரர் செங்கோடண்ணன். அவர் மனைவி பாவாயக்கா. அக்காவுக்கு என்னைவிட ஐந்தாறு வயது அதிகம் இருக்கும், ஆனால் உயரம், தோள், உடம்பு எல்லாம் ஒரே வாகு. பின்னாலிருந்து பார்த்தால் யார் யார் என்று தெரியாது.

வித்தியாசம் உடுப்பில்தான். அந்த ஊரில் அப்போது எந்தப் பெண்ணும் ரவிக்கை போடுவதில்லை. காட்டில் வேலை செய்கிறவர்கள் மட்டுமல்ல, பத்து வண்டி நெல் வருகிற வீட்டுப் பெண்களும் அப்படித்தான். பின்கொசுவம் வைத்துச் சேலையைக் கட்டி, மாராப்பை இறுக்கி இடுப்பில் செருகினால் முடிந்தது உடுப்பு. அதில் ஒரு குறையும் யாருக்கும் தோன்றியதில்லை. நான் சட்டை போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால், என்னைத்தான் எல்லாரும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். கைக்காகத்தான் பார்க்கிறார்கள் என்று நான் முந்தானையை இன்னும் இறுக்கிப் போர்த்துவேன்.

அக்கா என்னிடம் பிரியமாக இருந்தாள். அதுவே எனக்குச் சந்தேகம். சும்மா எதற்கு ஒருத்தி தினமும் மோர் கொண்டுவந்து வைப்பாள்? பெட்டி மூடியில் நூல் ஒன்றை வைத்துப் பூட்டுவேன், யாராவது திறந்தால் நூல் விழுந்திருக்குமே என்று. ஒருநாள் அக்கா என் சட்டையின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"ஏனுங்க வாத்தியாரம்மா, இது எங்கீங்க தெச்சது?"

"ஏன் கேக்கறீங்க?" என்றேன், வெடுக்கென்று.

"சும்மாதானுங்க" என்று கையை எடுத்துக்கொண்டாள். அவள் வீட்டுக்காரரின் சொந்தத்தில் ஒரு கல்யாணம் சேலத்தில் நிச்சயமாகியிருந்தது. அதற்கு முன் ஒரு டவுன் கல்யாணத்தில், ரவிக்கை இல்லாமல் போன அக்காவைச் சமையலுக்கு வந்தவள் என்று நினைத்து, "பந்தி முடியட்டும், அக்கட்டால போய் உக்காரு" என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்குக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். நான் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொடக்காளியில், அதாவது புழக்கடையில், கொடியில் காயப்போட்ட என் சட்டை காணாமல் போயிற்று. ஐயோ, நான் செய்த ஆர்ப்பாட்டத்தைக் கேட்காதீர்கள். முதலில் அங்கே கட்டியிருந்த ஆட்டைப் பிடித்து வாயைத் திறந்து பார்த்தேன். பிறகு தெருவில் வந்த வளையல்காரரை நிறுத்தி மூட்டையை அவிழ்க்கச் சொன்னேன். அந்த மனுஷர் அவிழ்த்துக் காட்டிவிட்டு, அதற்குப்பின் அந்தத் தெருப்பக்கமே வரவில்லை. "ஆரோ கை நீட்டியிருக்காங்க, கண்டுபிடிக்காம உட மாட்டேன்" என்று வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன். ஒருநாள் இல்லை, ஒன்பது நாள். அக்கா தலையைக் குனிந்துகொண்டு மோரைக் கடைந்தாள்.

பத்தாம் நாள் காலை சேலம் கல்யாணத்துக்கு வண்டி பூட்டி வாசலில் நின்றது. நான் பொடக்காளியில் முகம் கழுவிவிட்டு உள்ளே வந்தேன். அப்போதுதான் அக்கா அறையிலிருந்து வெளியே வந்தாள். அரக்குச் சேலை. பச்சைப் பாப்ளினில் புதுச் சட்டை. கூச்சத்தில் மாராப்பை இப்படியும் அப்படியும் இழுத்துவிட்டுக்கொண்டே வந்தாள். செங்கோடண்ணன் பார்த்துவிட்டுச் சிரிக்கத்தான் செய்தார். பிறகு தோளைப் பார்த்தார், இடுப்பைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"இத்தன கச்சிதமா வந்திருக்குதே. அளவு ஆரு எடுத்தது?"

அக்கா முந்தானையை இழுத்துச் சட்டையை மூடிக்கொண்டாள்.

"சந்தையில மிஷின் போட்டிருக்கறானே, அவனா? எங்க நிறுத்தி வெச்சு எடுத்தான்?"

"அவரு என்னையத் தொடலீங்க மாமா. சாமி சத்தியமா."

"தொடாம அளவு எப்புடித் தெரியும்? கண்ணுல பாத்தே தெச்சுப்போட்டானா? அது இன்னும் மோசமாச்சே!"

"இல்லீங்க மாமா..."

"சட்டை போட்டதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. எனக்குத் தெரியாம எவன்கிட்டயோ அளவு குடுத்தே பாரு, அதுதான். வண்டி கண்ணாலத்துக்குப் போவாது. உன்ற அய்யன் ஊட்டுக்குப் போவுது. ஏறிக்க. திரும்பி வார வேலையெல்லாம் வேணாம்."

நான் அப்போது எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? அந்தச் சட்டையின் இடது கையை. வலது கை முழங்கையோடு நின்றிருந்தது. இடது கை நாலு விரல் இறங்கியிருந்தது. என் சட்டையைத்தான் கொடியிலிருந்து எடுத்து அளவுக்குக் கொடுத்திருக்கிறாள். தையற்காரரும் கொடுத்த அளவை அச்சுப் பிசகாமல் அப்படியே தைத்துவிட்டார். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. சந்தோஷம். பார்த்தாயா, நான் சந்தேகப்பட்டது சரியாகப் போயிற்று என்கிற கேவலமான சந்தோஷம்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. அளவு யாரும் எடுக்கவில்லை, வாத்தியாரம்மா சட்டையைக் கொடுத்துத் தைத்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் புருஷன் சந்தேகம் தீர்ந்துவிடும். ஆனால் சொன்ன அந்த நிமிஷமே அவள் திருடி. ஒன்பது நாளாக ஊர் கேட்கத் திருட்டு திருட்டு என்று கத்தி, அந்த ஒரு வழியை அடைத்து வைத்திருந்தது நான்தான். திருடி என்ற பெயரோடு இந்த வீட்டில் இருப்பதா, அந்தப் பெயர் வேண்டாம் என்று பிறந்த வீட்டுக்கு வண்டி ஏறுவதா? அக்கா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வண்டியைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.

"நாந்தானுங்க குடுத்தேன்" என்றேன்.

செங்கோடண்ணன் திரும்பினார். "என்னத்தைங்க?"

"அளவுக்கு என் சட்டைய நாந்தானுங்க அக்காகிட்டக் குடுத்தேன். குடுத்ததையே மறந்துபோட்டு, காணோம் காணோம்னு கத்திட்டிருந்தேன்."

"ஒம்பது நாளாவுமா மறந்திருந்தீங்க?"

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. வராதுதான். நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். அவர் சட்டையைக் கூர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "படிச்ச வாத்தியாரம்மா சட்டைக்கு ஒரு கை கட்டை, ஒரு கை நெட்டையா இருக்குமாக்கும்? இவளக் காப்பாத்தோணும்னு சொல்றீங்க."

இருபத்திரண்டு வயது வரைக்கும் அம்மாவைத் தவிர யாரும் பார்க்காத கை அது. முந்தானையை எடுத்துவிட்டு, சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டி நீட்டினேன். "இதுக்காவத்தானுங்க என் சட்டைக்கெல்லாம் இடது கை நீளம். வேற ஆரு சட்டைய வெச்சும் இப்புடித் தெக்க முடியாது."

செங்கோடண்ணன் பார்த்தார். சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். "மன்னிச்சுக்கோங்க அம்முணி" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் மாடுகளைத் தட்டிக்கொடுத்தார். பிறகு அக்காவைப் பார்க்காமலே, "ஏறு, பொழுதுக்குள்ள சேலம் போயிச் சேரோணும்" என்றார். வண்டி சேலம் ரோட்டில் திரும்பியது.

அவர்கள் கல்யாணம் முடிந்து திரும்பிய மறுநாள் சாயங்காலம் என் சட்டை மடித்த மடிப்புக் கலையாமல் பெட்டிமேல் இருந்தது. சீயக்காய் போட்டு அலசி, தளர்ந்திருந்த ஒரு கொக்கியையும் இறுக்கித் தைத்து வைத்திருந்தாள். அறை வாசலில் நின்றுகொண்டு அக்கா சொன்னாள்: "கேட்டா நீங்க குடுக்க மாட்டீங்கன்னு நெனச்சுப்போட்டனுங்க. அந்தக் கை நீளம்கூட, பட்டணத்து மோஸ்தருன்னு நெனச்சனுங்க. எத்தன அழகா இருக்குதுன்னு..." சொல்லி முடிக்காமலே மோர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா? இப்போது நினைத்தாலும் சந்தேகம்தான். அவள் போனதும் சட்டையை வெளிச்சத்தில் பிடித்து, எங்காவது கிழிந்திருக்கிறதா என்று பார்த்தேன். அப்படிப்பட்டவள் நான்.

சரி, இத்தோடு முடிந்திருந்தால் உங்களிடம் இதைச் சொல்லவே வந்திருக்க மாட்டேன். இரண்டு மாதம் கழித்து ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, கிணற்றடியில் மூன்று பெண்கள் நின்றிருந்தார்கள். மூன்று பேரும் புதுச் சட்டை போட்டிருந்தார்கள். மூன்றுக்கும் இடது கை நாலு விரல் நீளம். என்னைப் பார்த்ததும் ஒருத்தி சிரித்தாள். என் கையைப் பற்றி அக்கா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள், எல்லாரும் சேர்ந்து என்னைக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்தேன். அவளுக்காக நான் வெட்கத்தை விட்டு நின்றதற்கு இதுவா பதில்? அடுத்த சந்தைக்குள் அப்படி ஏழெட்டுப் பேர் ஆகிவிட்டார்கள். மாற்றல் கேட்டு எழுதிப் போட்டேன். எடப்பாடிக்குக் கிடைத்தது. பெட்டியைத் தூக்கி வண்டியில் வைக்கும்போது அக்கா ஓடி வந்து, "நான் என்னங்க தப்புப் பண்ணினேன்? ஏனுங்க போறீங்க?" என்று கேட்டாள். "உங்களுக்கே தெரியும்" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

ஏழெட்டு வருஷம் கழித்து ராசிபுரத்தில் நாமக்கல் பஸ் வந்து நின்றபோது, உள்ளிருந்து இறங்கிய ஒரு பெண்ணின் இடது கைச் சட்டை நீளமாக இருந்தது. பாவாயக்கா ஊர்க்காரிதான். வழியை மறித்து, "இன்னுமா உங்களுக்குக் கேலி தீரலை?" என்று கேட்டேன். அவள் பயந்துபோனாள். பிறகுதான் என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"வாத்தியாரம்மாங்களா? கேலியா? ஐயையோ! எங்கூர்ல பாவாயக்கா சட்டைதானுங்களே எல்லாத்துக்கும் அளவு. மொத மொதல்ல சட்டை வெச்சிருந்தது அவங்கதானுங்க. ஆரு தெச்சாலும் அதத்தான் வாங்கிட்டுப் போயிக் குடுப்போம்."

"தையக்காரருக்குக் கண் இல்லையா? ஒரு கைய வெட்டிச் சரி பண்ணக் கூடாதா?"

"அவரு வெட்டித் தாரேன்னுதானுங்க சொன்னாரு. அக்காதான் உடலை. 'எல்லாத்துக்கும் அப்புடியே இருக்கட்டும். அந்த அம்முணி தெருவுல நடந்தா அவ கை மட்டும் தனியாத் தெரியக்கூடாது'ன்னு சொல்லிப்போட்டாங்க. ஏன்னு கேட்டதுக்கு ஒண்ணுமே சொல்லலீங்க."

பஸ் புகை விட்டுக்கொண்டு நின்றது. அக்கா என் கையைப் பற்றி ஒரு ஆளிடம்கூட வாய் திறக்கவில்லை. ஒரு ஊர்ச் சட்டையையே எனக்காக மாற்றிவிட்டு, நான் எதற்குக் கோபித்துக்கொண்டு போனேன் என்று தெரியாமல் இருந்திருக்கிறாள். "உங்களப் பாத்தேன்னு அக்காகிட்டச் சொல்லட்டுங்களா?" என்று அவள் கேட்டாள். "நானே வரேன்னு சொல்லு" என்றேன். போகவில்லை. எந்த முகத்தோடு போவது என்று வருஷங்களைத் தள்ளினேன். அக்கா இறந்துபோன செய்தியும் ஒரு பஸ்ஸில்தான் கேட்டேன். அன்றைக்கு முழுக்க அழுதேன், யாருக்கு வேண்டும் அந்த அழுகை?

இப்போது அந்த ஊர்ப் பெண்கள் எல்லாரும் டேப் வைத்து அளவெடுத்துத்தான் தைத்துக்கொள்கிறார்கள். இரண்டு கையும் ஒரே நீளம். கையே இல்லாமல் தைத்துக்கொள்கிறவர்களும் உண்டு, எனக்கு அதில் ஒன்றுமில்லை. போன வருஷம் அந்த ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்ப் பந்தி பந்தியாகப் பார்த்தேன். ஒரு இடது கைகூட நீளமாக இல்லை.

"பாட்டிம்மா, சொல்லுங்க. வெட்டிரட்டுங்களா?" என்று தம்பி கேட்டான்.

"வேண்டாம். அப்படியே தை."

"பாக்கறவங்க சிரிப்பாங்களே. இப்படி ஆருமே போட்டு நான் பாத்ததில்லீங்க."

"ஒரு காலத்துல ஒரு ஊரே போட்டிருந்துச்சு தம்பி" என்றேன்.

அவன் என்னை ஏற இறங்க ஒரு தடவை சந்தேகமாகப் பார்த்துவிட்டு, சீட்டில் ஏதோ குறித்துக்கொண்டான்.